நீர் நின்றும் வாடிய பயிர்

கடைமடைப் பகுதியில், கடற்கரைக்கு மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்த ஒரு கிராமத்துச் சங்கத்திற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஓர் அறிக்கை எழுதினோம். இரண்டு ஏக்கர் சம்பாப் பயிருக்குக் கடன் பெற்றிருந்த முதிய அங்கத்தினர் ஒருவர் தவணை நீட்டிப்புக் கோரியிருந்தார். வயலைப் பார்வையிடச் சென்றோம். கணுக்கால் அளவு நீர் நின்றுகொண்டிருந்தது. பயிரோ இலை நுனி வெளுத்துச் சுருண்டு, அடியிலைகள் வைக்கோலாகக் காய்ந்து, தூர் கட்டாமல் நின்றது. மேல்மடை வயல்களில் அதே பட்டத்தில் நட்ட அதே ரகம் செழித்திருந்தது. "தண்ணி நிக்குதுங்க ஐயா, பயிரு குடிக்க மாட்டேங்குது" என்றார் அவர். நாம் உள்ளூரச் சிரித்துக்கொண்டோம். "நீர் வசதி இருந்தும் பயிர் வாடியுள்ளது, பராமரிப்பில் கவனக்குறைவே காரணம்" என்று எழுதிக் கையொப்பமிட்டோம். நிர்வாகக் குழுவினர் அதனை அப்படியே ஏற்று நீட்டிப்பை மறுத்தனர்.

பயிர் குடிக்கவில்லை என்று அம்முதியவர் சொன்னது முற்றிலும் உண்மை. அதனைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் அவ்வயலின் நோயை ஒரு விஞ்ஞானியும் சொல்லியிருக்க இயலாது. அடுத்த பருவத்தில் அக்கிராமத்து மண் மாதிரிகள் ஆய்வுக்குச் சென்று திரும்பியபோது, அவர் வயலின் உப்புத்தன்மை நிறைசாற்று முறையில் 7 டெசிசீமென் என்று குறிக்கப்பட்டிருந்தது. நான்கைக் கடந்த நிலமே உவர் நிலமென்று வகுக்கப்படுகிறது. நெல்லோ மூன்று வரைதான் தாளும். அதற்குமேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறையும் என்பது 1977ல் மாஸ், ஹாஃப்மன் என்னும் இருவர் பல பயிர்களுக்கும் தொகுத்தளித்த கணக்கு. நான்கு அலகு மிகை. ஆகவே ஏறத்தாழப் பாதி விளைச்சல் போயிருக்க வேண்டும். அவர் கண்டதும் மேல்மடையில் கண்டதில் பாதிதான். கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருந்திய பின்னர் கவனக்குறைவு யாருடையது என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

நாம் பட்டம் பெற்றது தாவரவியலில் என்பதை இங்கே ஒப்புக்கொள்வது முறை. உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றி, அதில் நீர் ஏறுவதைக் காட்டும் சோதனைக்குப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். தேர்வுத் தாளில் தெரிந்த விஷயம் வரப்பின்மேல் நின்றபோது தெரியவில்லை. நம்மைப் போன்ற அலுவலர் பலருக்கும், கடனுக்குப் பரிந்துரை செய்யும் குழு உறுப்பினர் பலருக்கும் இந்நிலை நேரக்கூடும் என்பதால், பயிரின் உள்ளே நடப்பதைச் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறோம்.

ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கி உப்பிட்டு வைத்தால் மறுநாள் சாடியில் நீர் ததும்பி நிற்பதை நம் இல்லங்களில் யாவரும் கண்டிருக்கிறோம். அந்நீரை யாரும் ஊற்றவில்லை. உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் தானே செல்லும். இதனையே சவ்வூடு பரவல் என்பர். நல்ல வயலில் மண்ணீரைவிட வேரின் உட்சாறு செறிவு மிகுந்தது. ஆகவே நீர் உள்ளே வருகிறது. வந்த நீர் செல்லின் சுவரை அழுத்தி விறைப்பாக வைக்கிறது. இலை நிமிர்ந்து நிற்பதும், குருத்து நீள்வதும் இவ்விறைப்பினால்தான். மண்ணீரில் உப்பேறியதும் இந்த ஏற்பாடு நிலைகுலைகிறது. ஒரு டெசிசீமென்னுக்கு ஏறத்தாழ 0.36 வளிமண்டல அழுத்தம் என்று கணக்கிட்டால், 7 டெசிசீமென் நிலத்தில் பயிர் இரண்டரை வளிமண்டல அழுத்தத்தை எதிர்த்து நீரை இழுக்க வேண்டும். இருபத்தைந்து மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து நீர் இறைப்பதற்கு ஒப்பான கூடுதல் பாரம் இது. வயலில் நீர் நிற்கிறது. பயிரின் பார்வையில் அது ஆழக் கிணற்று நீர்.

இந்நிலையைத் தாவரம் பேசாமல் பொறுத்துக்கொண்டிருப்பதில்லை. வேர்ச் செல்லின் மேற்சவ்வு சில விநாடிகளிலேயே செய்தியை உணர்கிறது. செல்லினுள் கால்சியம் சட்டென்று உயர்கிறது. அதுவே அபாய மணி. செறிவு மாற்றத்தை உணர்ந்து கால்சியத்திற்கு வழிவிடும் ஒரு வாயிலை 2014ல் அடையாளம் கண்டிருக்கிறார்கள். சற்று நேரத்தில் அப்சிசிக் அமிலம் என்னும் வளரூக்கி இலைகளில் மிகுகிறது. இலைத்துளைகளைக் காக்கும் செல்கள், தம்முள் சேர்த்து வைத்திருந்த பொட்டாசியத்தை வெளியே விட்டுத் தளர்கின்றன, துளைகள் மூடிக்கொள்கின்றன. நீர்ச் செலவு மிச்சமாகிறது. ஆனால் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயுவும் வரவேண்டும். ஆகவே சிக்கனத்தின் விலை பசி. தூர் கட்டாமல் நின்ற பயிரில் நாம் கண்டது இப்பசியைத்தான்.

இதன் பின்னர் வருவதே பெரிய ஆபத்து. உப்பு என்பது சோடியமும் குளோரைடும். சோடியம் அயனி உருவிலும் மின்னேற்றத்திலும் பொட்டாசியத்தைப் பெரிதும் ஒத்தது. செல்லின் நொதிகள் பலவற்றிற்கும் புரத உற்பத்திக்கும் பொட்டாசியம் இன்றியமையாதது. சோடியம் அந்த இடத்தில் வந்தமர்ந்தால் வேலை நடவாது. போலி ரசீது ஒன்று கோப்பில் கலந்ததுபோல எல்லாம் தடைப்படும். மேலும், செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின் தன்மை உடையதாதலால், நேர்மின் ஏற்ற சோடியம் உழைப்பின்றி உள்ளே சரிந்து வந்துவிடுகிறது. அதனை வெளியேற்றுவதற்குத்தான் உழைப்பு வேண்டும்.

அவ்வுழைப்பின் முறை வியப்புக்குரியது. செல் தன் ஆற்றலைச் செலவிட்டு ஹைட்ரஜன் அயனிகளைச் சவ்வுக்கு வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. வெளியே குவிந்த ஹைட்ரஜன் மீண்டும் உள்ளே வரத் துடிக்கும். சவ்வில் உள்ள ஒரு புரத வாயில், சோடியத்தை வெளியே தள்ளினால்தான் ஹைட்ரஜனுக்கு உள்ளே வழிவிடும். பண்டமாற்று என்பதைத் தவிர இதற்கு வேறு பெயரில்லை. இவ்வாயிலையும், அதனைக் கால்சியத்தின் ஆணைப்படி திறக்கும் இரு புரதங்களையும் அமெரிக்காவில் ஜியான்-காங் சூ என்பவரின் குழுவினர், கடுகுக் குடும்பத்துச் சிறு செடியொன்றைக் கொண்டு 1990களின் பிற்பகுதி முதல் ஆராய்ந்து வெளிப்படுத்தினர். உப்பைச் சிறிதும் தாங்கமாட்டாத செடிகளை வைத்தே இவை கண்டறியப்பட்டமையால், 'உப்புக்கு மிகை உணர்வு' என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக எஸ்.ஓ.எஸ். என்று இவற்றிற்குப் பெயர்.

வெளியேற்றியும் எஞ்சும் சோடியத்திற்கு இன்னொரு வழி உண்டு. முதிர்ந்த தாவரச் செல்லின் பெரும் பகுதியை அடைத்திருப்பது வாக்குவோல் என்னும் நீர்ப்பை. அதன் சவ்விலும் இத்தகைய பண்டமாற்று வாயில்கள் உண்டு. சோடியத்தை அதனுள் பூட்டி வைத்தால் நொதிகளுக்குத் தீங்கில்லை. அன்றியும் அந்த உப்பே நீரை உள்ளே இழுக்கும் கருவியாகப் பயன்படுகிறது. நம் கடற்கரையில் உமரி செய்வது இதைத்தான். அதன் தடித்த இலையைக் கிள்ளி வாயிலிட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. நீர்ப்பைக்கு வெளியே உள்ள செல்சாற்றில் செறிவைச் சமன் செய்யப் புரோலின், கிளைசின் பீட்டெய்ன் போன்ற தீங்கற்ற சேர்மங்களைச் செடி தானே தயாரித்துக்கொள்கிறது. பிச்சாவரத்து வெண்கண்டல் மரமோ உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றிவிடுகிறது. வெயிலில் இலைமேல் உப்புப் பொரிந்திருக்கும்.

நெல்லுக்கு இத்திறமைகள் குறைவு. அதன் வேரில் செல்களுக்கு ஊடாகச் செல்லாமல் சுவர் இடுக்குகளின் வழியாகவே உப்பு நீர் ஓரளவு கசிந்து மேலேறிவிடுகிறது. ஏறியதைப் பயிர் பழைய இலைகளில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்விலைகள் காய்கின்றன, குருத்து பிழைக்கிறது. அடியிலைகள் வைக்கோலானதை நாம் கவனக்குறைவின் அடையாளமாக எழுதினோம். உண்மையில் அது தற்காப்பின் அடையாளம்.

எனினும் எல்லா நெல்லும் ஒன்றல்ல. வங்காளத்துப் பழைய ரகமாகிய நோனா பொக்ரா, தண்டுக்கு ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தை வழியிலேயே மீட்டு வேரில் நிறுத்திக்கொள்ளும் ஒரு வாயிலைப் பெற்றிருக்கிறது. அதன் மரபணு 2005ல் அறியப்பட்டது. கேரளத்தின் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர்க் கடலோரங்களில் விளையும் பொக்காளியிலும் உப்பைத் தாங்கும் மரபுப் பகுதி உண்டு. அதைக் கொண்டு பல நாட்டார் புதிய ரகங்களை உருவாக்குகின்றனர். நம் நாகைக் கடலோரத்தில் குழியடிச்சான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ல் ஆழிப்பேரலை வயல்களில் உப்பைக் கொட்டிவிட்டுப் போன பிறகுதான், அதன் அருமையை நாம் மறுபடியும் பேசத் தொடங்கினோம். இந்த விதைகளைக் காத்து வந்தவர்கள் சவ்வையும் அயனியையும் அறிந்தவர்களல்லர். விளைந்ததை விதைத்தார்கள், அவ்வளவே.

ஆராய்ச்சியாளர் சிலர், ஒரு மரபணுவை மாற்றினால் உவர் நிலப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எண்ணியதுண்டு. 1999ல் ப்ளூம்வால்ட் குழுவினர், நீர்ப்பை வாயிலை மிகுதியாகப் பெற்ற சிறு செடி கடுமையான உப்பு நீரிலும் வளர்வதைக் காட்டினர்; 2001ல் தக்காளியிலும் காட்டினர். செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அத்தக்காளி விதை எந்தச் சங்கப் பண்டகசாலைக்கும் வந்து சேரவில்லை. மாறாக, பழைய கோதுமை இனமொன்றிலிருந்து சோடியம் மீட்கும் வாயிலைச் சாதாரண இனக்கலப்பினால் பெற்ற ரவைக் கோதுமை, 2012ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வின்படி, உவர் வயலில் நூற்றுக்கு 25 பங்கு மிகுதியாக விளைந்தது. பொறுமையாக இனங்கலக்கும் வேலையையே நாம் அதிகம் நம்புகிறோம். திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி களர் நிலத்திற்கென வெளியிட்ட திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள் அத்தகைய வேலையின் பலன்களே.

நெசவாளர் அங்கத்தினர்கள் இக்கட்டுரை தமக்கன்று என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தறியில் ஓடும் பருத்தி இழை ஒவ்வொன்றும் விதைத் தோலின் ஒற்றைச் செல். பூ மலர்ந்த நாள் முதல் மூன்று வாரங்களுக்குள் அது இருபத்தைந்து, முப்பது மில்லிமீட்டர் வரை நீள்கிறது. நீட்டுவது எது? அதன் நீர்ப்பைக்குள் பொட்டாசியமும் மாலிக் அமில உப்பும் குவிகின்றன; அவற்றைத் தொடர்ந்து நீர் புகுகிறது; விறைப்பு மிகுந்து இளஞ்சுவர் நீள்கிறது. அண்டைச் செல்களோடு உள்ள நுண்வழிகளும் அச்சமயம் சில நாள்கள் அடைபடுவதை 2001ல் ஆஸ்திரேலியாவில் கண்டறிந்தனர். அழுத்தம் கசிந்துபோகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்நாள்களில் பயிர் நீரின்றித் தவித்தாலோ, பொட்டாசியம் குறைந்தாலோ பஞ்சு குட்டையாகும், வலுக்குன்றும். நூல் அடிக்கடி அறுகிறது என்று நெசவாளர் நூற்பாலையைக் குறைகூறும்போது, குறை சில சமயம் அதற்கும் அப்பால் ஒரு காட்டில் நேர்ந்திருக்கலாம். இத்தனைக்கும் பருத்தி உப்பைத் தாங்குவதில் வல்லது. நெல் மூன்று அலகில் தளரத் தொடங்க, பருத்தி 7.7 வரை நின்று கொடுக்கும்.

இனி, சற்றுக் கசப்பான விஷயம். 1956ல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தி நூலில் நன்கு ஏறுவதற்கு உப்பு வேண்டும். நீரில் நனைந்த நூலும் எதிர்மின், சாயமும் எதிர்மின், ஒன்றையொன்று விலக்கும். இடையே சோடியம் புகுந்து அவ்விலக்கத்தைத் தணிக்கிறது. வேரில் பகைவனாக நின்ற அதே சோடியம் சாயத்தொட்டியில் தரகனாக நிற்கிறது. ஒரு கிலோ நூலுக்கு 20 லிட்டர் நீர், லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்று கொண்டால், ஒரு கிலோ நூலைச் சாயமேற்ற ஒரு கிலோ உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு உள்ளதோ 35 கிராம்தான். அவ்வுப்பு நூலோடு போவதில்லை. ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரில்தான் இறங்குகிறது. நொய்யல் ஆற்றின் கதை நாம் அறிந்ததே. பாசனத்திற்கென்று கட்டி 1992ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையின் நீரைத் திறந்துவிட வேண்டாமென்று உழவர்களே கெஞ்சும் நிலை வந்தது. 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிலாளர் பட்ட துன்பம் சிறிதன்று. உழவர் அதற்கு முன்பே பட்டிருந்தார்கள். பெரிய பட்டறைகளைச் சொல்லிவிட்டு, நம் நெசவாளர் சங்கத்துச் சிறு சாயச்சாலையின் வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று பாராதிருப்பது நேர்மையாகாது. ஓர் இதழை இரு சாராரும் படிக்கிறோம். அந்த வாய்க்காலையும் இரு சாராரும் சேர்ந்து ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

மீண்டும் கடன் விஷயத்திற்கு வருவோம். அம்முதியவர் பயிர் வாடக்கண்டு செய்தது என்ன? கடனின் உரப் பகுதியில் மீதமிருந்த யூரியாவையும் பொட்டாஷையும் சங்கத்திலிருந்து வாங்கி வந்து இட்டார். வாடிய பயிருக்கு உரம் இடுவதுதானே வழக்கம்! ஆனால் உரமும் உப்பே. சோடியம் நைட்ரேட்டின் உப்பேற்றும் திறனை 100 என்று வைத்தால், நாம் வழக்கமாக விற்கும் மியூரேட் பொட்டாஷுக்கு 116, யூரியாவுக்கு 75, சல்பேட் பொட்டாஷுக்கு 46. சல்பேட்டின் விலை அதிகம் என்பது உண்மை. எனினும் உவர் நிலத்து அங்கத்தினருக்காவது அதைத் தருவித்து வைப்பதும், எதையும் ஒரே முறையில் இடாமல் பிரித்து இடச் சொல்வதும் நம்மால் இயலாதவையல்ல. ஏற்கெனவே இருபத்தைந்து மீட்டர் ஆழத்திலிருந்து இறைத்துக்கொண்டிருந்த பயிருக்கு, சங்கமே கிணற்றை இன்னும் ஆழமாக்கிக் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஜிப்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பு நிலம் என்றதும் ஜிப்சம் என்று சொல்லும் பழக்கம் நம் அலுவலர்களிடையே உண்டு. களர் வேறு, உவர் வேறு. மண்துகளோடு சோடியம் ஒட்டிக்கொண்டு, கார அமில நிலை எட்டரையைத் தாண்டி, நீர் இறங்காமல் மண் இறுகிக் கிடப்பது களர். அங்கே ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைப் பெயர்த்தெடுக்கும், பின்னர் நல்ல நீர் விட்டு வடிக்க வேண்டும். மண்ணீரில் உப்பு கரைந்து கிடக்கும் கடலோர உவருக்கு வேண்டியது ஜிப்சமன்று. நல்ல நீரும் வடிகாலுமே. வடிகால் தூர்ந்து கிடக்கும் கிராமத்தில் மூட்டை மூட்டையாக ஜிப்சம் கொடுத்துப் பயனில்லை. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதல், சற்று முதிர்ந்த நாற்றைக் குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக நடுதல் ஆகியன இரு நிலத்திற்கும் உதவும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான் நெல் உப்புக்கு மிக எளிதில் இரையாகிறது.

நம் அபிப்பிராயம் இது: பயிர்க்கடன் மனுவோடு சிட்டாவும் அடங்கலும் கேட்கும் சங்கம், உவர்ப் பகுதிகளில் மண் பரிசோதனைத் தாளையும் கேட்க வேண்டும். கடனை மறுப்பதற்காகவன்று, எந்த விதை, எந்த உரம், எவ்வளவு, எப்போது என்று முடிவு செய்வதற்காக. நிலுவை வந்தால், ஆளின் குறையா நிலத்தின் குறையா என்று பிரித்தறிவதற்காகவும். தாளை வாங்கும்போது மின்கடத்துத் திறன் எந்த முறையில் அளக்கப்பட்டது என்று கேட்டுக்கொள்வது அவசியம். ஒரு பங்கு மண்ணில் இரு பங்கு நீர் கலந்து அளக்கும் முறையில் எண் சிறிதாகத்தான் வரும். அதை நிறைசாற்று எண்ணோடு ஒப்பிட்டு நிலம் நன்றாயிருக்கிறது என்று எழுதிவிடும் ஆய்வாளரும் உண்டு. சோதனைக்கு ஆகும் செலவு சங்கத்திற்குச் சுமை என்று நிர்வாகிகள் சிலர் நம்மிடம் சொன்னார்கள். வசூலாகாத ஒரு கடனுக்காக நாம் அனுப்பும் நோட்டீசுகளையும், செல்லும் பயணங்களையும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும்.

நம்முடைய பழைய அறிக்கையை நாம் திருத்தி எழுதி, மண் பரிசோதனைத் தாளுடன் குழுவின் பார்வைக்கு அனுப்பிவிட்டோம். முதலில் எழுதியது தவறு என்று அதிலேயே குறிப்பிட்டிருக்கிறோம். செய்தியைச் சொல்ல அம்முதியவரைத் தேடிச் சென்றபோது அவர் வரப்பில் தக்கைப்பூண்டு விதையோடு நின்றுகொண்டிருந்தார். சவ்வையும் அயனியையும் பற்றி நாம் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். மண் பரிசோதனைக் கட்டணத்தைத் தன் கடன் கணக்கில் ஏற்றிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஏற்றவில்லை.